பிரேக் டீச்சரும் மஞ்சள் கோடும்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த உலகத்தில் குறைவு. நம் பிரேக் டீச்சர் அதில் ஒருத்தி. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில், பத்தொன்பது வருடமாயிற்று. ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வியர்த்துப்போகிறவர்களை அதன் முன்னால் உட்காரவைப்பாள். பக்கத்து இருக்கையில் தான் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொள்வாள். லாரி வந்தாலும் நாய் வந்தாலும் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், உள்ளுக்குள் மட்டும் நடுங்கிக்கொண்டிருப்பாள். பயமே தெரியாத டீச்சர் என்று படித்துப் போனவர்கள் வெளியே சொல்லித் திரிவதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தும் அடங்காது. பேருந்தில் போனால் தரையை அழுத்தும். பக்கத்து வீட்டுக் குழந்தை படிக்கட்டில் ஓடினால் நின்ற இடத்திலேயே அழுத்தும். தூக்கத்தில் அழுத்தியதில் கணுக்காலில் உதை வாங்கி எழுந்த கதைகளை அவள் புருஷனைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்.

புருஷனுக்கு லிப்ட் கம்பெனியில் வேலை. இருபத்தாறு வருடமாக நாற்பது கட்டடங்களின் லிப்ட்டுகள் அவர் பொறுப்பு. தெருவில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். நிதானமான மனிதர். கோபம் என்பதை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வெளியாள் கையால் ஒரு போல்ட் இறுகினால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் அவளுடைய காருக்கும் அவரேதான் வைத்தியர்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டைச் சாதாரண ஸ்பேனரால் இறுக்கினால் மட்டும் போதாது. டார்க் ரெஞ்ச் என்று நீளமான கருவி ஒன்று இருக்கிறது. இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு, போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் ஒரு நூல் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு விழுந்த போல்ட்டை யாரும் திரும்பத் தொடமாட்டார்கள், சந்தேகப்படவும் மாட்டார்கள். இறுக்காமல் கோடு போட்டவனுக்கு அந்தத் தொழிலில் மன்னிப்புக் கிடையாது. காரின் போல்ட்டுகளுக்கும் அவர் அதே பேனாவைத்தான் எடுப்பார். சக்கரத்துக்குள் அந்த மஞ்சளைப் பார்த்தால் டீச்சருக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்த மாதிரி இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் முன் சக்கரங்களின் பிரேக் கட்டைகளை மாற்றுவதென்று முடிவாகியிருந்தது. மூன்று நாளாக வண்டி கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு வகுப்பு. வருகிறவள் சலவைக்கடை அம்மா. டீச்சரைவிடப் பத்து வயது பெரியவள். ஏற்கெனவே இரண்டு தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்றவள். புருஷனுக்குப் பார்வை மங்கிவிட்டதால் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேனை இனி அவள்தான் ஓட்டியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்றாவது தேர்வு.

"ரெண்டு மணி நேர வேல. பத்து மணிக்கெல்லாம் வண்டி ரெடி," என்றார் லிப்ட்காரர்.

"ரெண்டு பக்கமும் சேத்தா?"

"ரெண்டு பக்கமும் சேத்துத்தான். நீ டார்ச்ச மட்டும் ஆடாம புடி."

ஆடாமல் பிடிக்கச் சொல்வதற்கு அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

வலது சக்கரம் சொன்ன பேச்சுக் கேட்டது. சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டைகளை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்வியின் கீழ் போல்ட்டைக் கழற்றி, கவ்வியை மேலே தூக்கி, தேய்ந்த கட்டைகளை எடுத்துப் புதியதை வைத்தார். புது போல்ட்டைப் போட்டுச் சின்ன ஸ்பேனரால் நாலு திருகு திருகினார். டீச்சர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இங்கே நமக்குத் தெரிந்தாக வேண்டும். டார்க் ரெஞ்ச் மாடியில் அவருடைய வேலைப் பையில் இருந்தது. கடைசியில் எடுத்து வந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து இறுக்கிவிடலாம் என்று அவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இடது பக்கத்து போல்ட் அசையவே மாட்டேன் என்றது. எண்ணெய் அடித்து இருபது நிமிடம் ஊறவைத்தார். சுத்தியலால் தலையில் செல்லமாக நாலு தட்டுத் தட்டினார். ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, அதன் நுனியைப் பிடித்து அழுத்தினார். போல்ட் நகர்ந்த மாதிரி இருந்தது. "வருது, வருது," என்றார். அடுத்த நொடி ஒரு சத்தம். உலர்ந்த விறகு முறிகிற சத்தம். ஸ்பேனரும் குழாயும் தரையில் விழுந்தன. போல்ட்டின் தலை மட்டும் உருண்டு டீச்சரின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மிச்சம் உள்ளே, இரும்போடு இரும்பாக, விளிம்புக்குச் சமமாக மாட்டிக்கொண்டது.

டீச்சர் அதைக் குனிந்து எடுத்தாள். "இது நான் ஓட்டும்போது ஒடஞ்சிருந்தா?"

"ஓட்டும்போது ஒடையாது. நான் ஒடச்சதால ஒடஞ்சுது."

"பேசாம யாரையாவது கூப்பிடலாமுங்க."

"யாரக் கூப்பிட்டாலும் அவனும் இதத்தான் செய்வான். கொஞ்சம் பொறு."

அதற்கப்புறம் வந்தது நுணுக்கமான வேலை. உடைந்த துண்டின் சரியான நடுவில் ஊசிமுனை மாதிரி ஒரு குழி வைத்து, அதில் துளை போட வேண்டும். துளை ஒரு மயிரளவு ஓரம் போனால் சுற்றியிருக்கும் திருகு மரை கெட்டுவிடும். அப்புறம் எந்த போல்ட்டும் அங்கே நிற்காது. துளைக்குள், மரை எதிர்ப்பக்கமாக ஓடும் எதிர்மரைக் கம்பி ஒன்றை இறக்கி, அது கடித்துக்கொண்டதும் இடப்பக்கமாகத் திருப்பித் துண்டை வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கம்பி உள்ளேயே முறிந்தால் அதைத் துளைக்க வீட்டில் உள்ள எந்தக் கருவிக்கும் பல் கிடையாது. இவ்வளவையும் அவர் நிதானமாக விளக்கிச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

துளை நேராகத்தான் இறங்கியது. கம்பியும் கடித்தது. ஆனால் துண்டு அசையவில்லை. "சூடு காட்டணும்," என்று பக்கத்துக் கட்டடத்துக் குழாய் ரிப்பேர்காரரிடம் கேஸ் டார்ச் வாங்கப் போனார். போகும்போதே, "மாடில போயி அந்த நீள ரெஞ்சையும் எடுத்துட்டு வந்துர்றேன்," என்றார்.

அவர் திரும்பி வர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் டீச்சரால் சும்மா நிற்க முடியவில்லை. மணி பதினொன்றாகிவிட்டது. சும்மா நின்றால் உடைந்த துண்டையே பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வேலையாவது குறையட்டும் என்று வலது பக்கம் போனாள். கருவிப் பெட்டியில் மஞ்சள் பேனா கிடந்தது. அவர்தான் இறுக்கினாரே, தன் கண்ணால் பார்த்தாளே. நீள ரெஞ்ச் எடுக்கப் போனது இடது பக்கத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து, போல்ட்டின் தலையிலிருந்து கவ்வி வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். இருபத்தாறு வருடமாக அவர் இழுக்கிற மாதிரியே நேராக, சுத்தமாக விழுந்தது. பேனாவைப் பெட்டியில் வைத்துவிட்டு இடது பக்கம் வந்து நின்றாள்.

அவர் வந்ததும் பயம் வேறு பக்கம் ஓடிவிட்டது. பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய் ஒரு சாண் தூரத்தில் இருக்க, நீலத் தீயை இரும்பின் மேல் காட்டினார். குழாயை ஒதுக்கிக் கட்டி, ஈரத்துணி சுற்றி, அதைத் தொட்டுக்கொண்டே இருப்பது டீச்சரின் வேலை. துணியிலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் வைத்திருந்தாள். இவை போதுமா என்று மூன்று தடவை கேட்டாள். கேட்டதற்கு மூன்று தடவையும் அவர் "ம்" என்றார். சூடு காட்டுவார், ஆற விடுவார், திருப்புவார். ஒரு நூல் முன்னே, அரை நூல் பின்னே. நாலாவது சூட்டில் இரும்பு முனகியது. துண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் ஈறிலிருந்து பல் வருவது போலத் துருப்பொடியோடு வெளியே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அவர் சிரித்தார். அவள் அழுதாள். இரண்டும் ஒன்றுதான்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து. இடது பக்கம் புது போல்ட்டைப் போட்டு, டார்க் ரெஞ்சால் 'டிக்' என்று இறுக்கி, கோடு இழுத்தார். ரெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனார். குனிந்தார். மஞ்சள் கோடு இருந்தது. இரண்டு மணி நேரம் தீயோடும் துருவோடும் மல்லுக்கட்டிய மண்டை அது. காலையில் செய்ததுதானே என்று நினைத்துக்கொண்டார். கோடு விழுந்ததைத் தொடுவது அவர் வழக்கமில்லை. பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்த்து, சக்கரத்தை மாட்டி இறக்கிவிட்டார்.

அன்று வகுப்பில் டீச்சருக்குப் பயமே இல்லை. அதுதான் அதிசயம். இந்த வண்டியின் பிரேக் எப்படி மாட்டப்பட்டது என்று ஒவ்வொரு மரையாகக் கண்ணால் பார்த்திருக்கிறாள். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அவள் கால் மிதியின் மேல் இல்லாமல் தரையில் சும்மா கிடந்தது. சலவைக்கடை அம்மாவும் அன்று அருமையாக ஓட்டினாள். வளைவுகள் சரி, கியர் சரி. "செவ்வாக்கெழம நீங்க பாஸ்தான்க்கா," என்று டீச்சர் வாயாரச் சொன்னாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து கீழே இறங்கினார்கள். இறக்கத்தின் முடிவில் பெரிய சாலை. அதில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன் சக்கரத்தில் ஏதோ கடகடவென்றது. கல் மாட்டியிருக்கும் என்று டீச்சர் நினைத்தாள். "பிரேக் புடிங்கக்கா," என்றாள்.

அந்த அம்மா மிதித்தாள். படாரென்று ஒரு அடி. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஸ்டியரிங் துள்ளியது. டீச்சரின் கால் தானாகத் தன் மிதிக்கு ஓடியது. அது பஞ்சு மாதிரித் தரை வரைக்கும் போயிற்று. வண்டி வேகம் குறைந்தும் குறையாமலும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை, உள்ளே எல்லாம் நின்றுபோய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது.

"கால எடுக்காதீங்க. மிதிச்சுக்கிட்டே இருங்க. கிளட்ச். ரெண்டாவது கியர் போடுங்க. நல்லா இருக்கு. இப்ப ஒண்ணு. ஸ்டியரிங்க ஓரமா விடுங்க, செவுத்துப் பக்கம். நான் கை பிரேக்க இழுக்கறேன், நீங்க பதறாதீங்க."

வண்டி நடைபாதை விளிம்பில் உரசி, ஒரு கம்பத்துக்கு முன்னால் நின்றது. பெரிய சாலைக்கு இன்னும் ஒரு வண்டி நீளம்தான் இருந்தது. ஒரு லாரி போன காற்றில் கண்ணாடி அதிர்ந்தது.

சலவைக்கடை அம்மா ஸ்டியரிங்கை விடவில்லை. "நான்தான் ஒடச்சிட்டேன் டீச்சர். தப்பா மிதிச்சிட்டேன்."

டீச்சர் கை பிரேக்கை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு அந்த அம்மா இறங்கி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டாள்.

டீச்சர் போன் பண்ணியதும் லிப்ட்காரர் ஸ்கூட்டரில் வந்தார். ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைக் கழற்றினார். கீழ் போல்ட்டைக் காணோம். கவ்வி மேலே எகிறி உள்பக்கமாகச் சக்கரத்தில் மோதி, எண்ணெய்க் குழாயை இழுத்திருந்தது. போல்ட் இருந்த இடத்தில் கவ்வியின் இரும்பில் மட்டும் பாதி மஞ்சள் கோடு நின்றது.

அவர் அதை விரலால் தடவினார்.

"இறுக்கல," என்றார். "நான் இறுக்கல. இறுக்காம கோடு போட்டிருக்கேன்."

அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தாள். அவர் நடைபாதையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அப்போது சொல்லியிருந்தால் அரை நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் பழைய வேலைச் சீட்டுகளை மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கூட வேலை செய்கிறவருக்குப் போன் போட்டார். "அந்த ஆஸ்பத்திரி லிப்ட்டுல மேல மோட்டார் போல்ட்டு நாலும் நான் போட்டதுதான். ஒரு தடவ போய்ப் பாத்துடு. கோட்ட நம்பாத, ரெஞ்ச வெச்சுப் பாரு." கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு போன். இன்னொரு கட்டடம். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்றார், வரவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அவர் கோபிப்பாரே என்ற பயமில்லை. ஒரு மனுஷியை லாரிச் சக்கரம் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோனது தன் கை என்று வாயால் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்த இருக்கையில் எப்படி உட்காருவாள்? இத்தனை வருடமும் மற்றவர்கள் தவறைத்தான் பயந்து பயந்து பார்த்திருக்கிறாள். தன் தவறை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மதியம் சலவைக்கடை அம்மாவிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: "டெஸ்டுக்கு வரல டீச்சர், எனக்கு இது சரிவராது, வண்டிய ஒடச்சதுக்கு மன்னிச்சிடுங்க." டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நாலு மணிக்கு அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கடிதம்.

"சூப்பர்வைசர் வீட்டுக்குப் போயிட்டு வரேன். லிப்ட் வேல வேணாம், என்ன ஸ்டோர்ல போட்டுடுங்கன்னு சொல்லப் போறேன். என் கைய நானே நம்பல, ஊர்க்காரன் எப்படி நம்புவான்?"

செருப்பை மாட்டக் குனிந்தார். டீச்சர் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கோடு நீங்க போடல. நான் போட்டேன்."

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க கேஸ் டார்ச் வாங்கப் போனப்ப. நீங்க இறுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு வேல மிச்சமாகட்டுமேன்னு போட்டேன்."

செருப்பு ஒரு காலில் இருந்தது, ஒரு காலில் இல்லை. பிறகு கேட்டார், "நேத்தே தெரியுமா?"

"நீங்க சக்கரத்தக் கழட்டினப்பவே தெரியும்."

"ஆஸ்பத்திரி லிப்ட்டுக்காக நான் போன் பண்ணப்போ இங்கதான நின்ன?"

"இங்கதான் நின்னேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் செத்துக்கிட்டிருந்தேன். பாத்துக்கிட்டே நின்னிருக்க," என்றார். இவ்வளவு காலம் அவர் எங்கேயோ வைத்திருந்த கோபத்தை அன்றுதான் அவள் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடிதத்தை அவர் மேஜை மேல் போட்டார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அவங்க என்ன நெனச்சுக்கிட்டிருக்காங்க?"

"தான் ஒடச்சதா நெனச்சுக்கிட்டிருக்காங்க. டெஸ்டுக்கு வரலன்னுட்டாங்க."

"அப்ப இங்க என்ன பண்ற? போ. மொதல்ல அங்க போய்ச் சொல்லு. நான் அப்புறமா சாவகாசமா திட்டிக்கிறேன்."

சலவைக்கடைக்கு நடந்தே போனாள். பதினைந்து நிமிட நடை. ஒவ்வொரு தெருமுனையிலும் திரும்பிவிடலாமா என்று கால் கேட்டது. கடையில் அந்த அம்மா தனியாக நின்று ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் திகைத்து, "வண்டி ரொம்பக் கெட்டுப்போச்சா டீச்சர்?" என்றாள்.

டீச்சர் நின்றபடியே சொன்னாள். போல்ட்டை, கோட்டை, தன் கையை, நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். கடைசியில், "என்னாலதான்க்கா. உங்க உயிருக்கே ஆபத்தா முடிஞ்சிருக்கும்," என்றாள். வைவாள், கையில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியையே ஓங்குவாள் என்று எதிர்பார்த்தாள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையின் காலரை விரலால் நீவினாள்.

"அப்ப நான் சரியாத்தான் மிதிச்சேனா டீச்சர்?" என்று கேட்டாள்.